பின்னாலிருந்து உதைத்தவன்

முதலில் குதிரைகளுக்குத்தான் தெரிந்தது.

தியாரோய் சந்தைக்குப் பின்னால் வண்டிக் குதிரைகள் நிற்கும் மைதானத்தில், சுவரை ஒட்டிய தகரக் கொட்டகையில் யோரோ பால்தே வைத்தியம் பார்த்தான். கால்நடை மருத்துவர் ஒருவரிடம் பதினோரு வருடம் உதவியாளாக இருந்தவன். அவர் ஓய்வு பெற்று ஊருக்குப் போனபோது அவருடைய மருந்துப் பெட்டியும் டாக்டர் என்ற பெயரும் இவனிடம் தங்கிவிட்டன. குளம்பில் ஏறிய ஆணி, வயிற்று உப்புசம், சேணம் உரசிய புண், எதுவானாலும் அவன் கை பட்டால் ஆறும் என்று வண்டிக்காரர்கள் நம்பினார்கள். ஆனால் அவனிடம் ஒரு தொல்லை இருந்தது. புண்ணுக்குக் களிம்பு தடவும்போதே தோல் எப்படி வளர்கிறது, சீழ் எங்கிருந்து வருகிறது என்று ஆரம்பத்திலிருந்து விளக்குவான். அவசரமாகச் சுமை ஏற்றப் போகிறவனையும் கையைப் பிடித்து நிறுத்திச் சொல்லி முடித்த பிறகுதான் விடுவான்.

மல்யுத்தக்காரன் செமு தியாவ் தினமும் காலையில் அந்த மைதானத்தைக் கடந்துதான் கடற்கரைப் பயிற்சிக்குப் போவான். ஆறு வருடங்களாக அவன் போவதை எந்தக் குதிரையும் தீவனத்திலிருந்து தலை தூக்கிப் பார்த்ததில்லை. அந்த வருடம் பிப்ரவரி மாதத்தில் பார்க்கத் தொடங்கின. அவன் வாசலில் நுழையும்போதே பெட்டைக் குதிரைகள் மெல்லுவதை நிறுத்தின. பொலிக்குதிரைகள் காதுகளைப் பின்னால் மடித்துக்கொண்டன. ஒருநாள், சாதுவென்று பெயரெடுத்த ஒரு கறுப்புப் பொலிக்குதிரை கட்டுக்கயிறு தெறிக்கும் அளவுக்கு முன்னங்கால்களைத் தூக்கி எழுந்து, பல்லைக் காட்டியது. மனிதனைக் கண்டு மிரளும் குதிரை அப்படிச் செய்யாது. இன்னொரு பொலிக்குதிரை தன் எல்லைக்குள் வந்தால்தான் அப்படிச் செய்யும்.

செமு இடுப்பில் கைவைத்துச் சிரித்தான். "பாத்தியா மச்சான், உன் சாதிசனமெல்லாம் என்னப் பாத்ததும் எந்திரிச்சு நிக்குதுங்க!"

"நீ திங்கிற தீனியப் பத்தி யாரோ சொல்லிருக்காங்க. நம்ம தினையிலயும் கைவச்சிருவான்னு பயம் அதுங்களுக்கு" என்றான் யோரோ.

சுற்றி நின்ற வண்டிக்காரர்கள் சிரித்தார்கள். யோரோவும் சிரித்தான். ஆனால் கறுப்புக் குதிரையின் கயிற்றை அவசரமாக இறுக்கிக் கட்டினான். ஏனென்றால் குதிரைகளின் மூக்கு எதைக் கண்டுபிடித்தது என்று அவனுக்குத் தெரியும். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தொழுகை முடிந்து, கொட்டகைக் கதவைச் சாத்திக்கொண்டு, செமுவின் இடுப்பில் அவன் போடும் எண்ணெய் மருந்தின் புட்டியில் குதிரைப் படம்தான் இருந்தது.

யோரோ ஃபுலா. செமு செரேர். இந்த இரண்டு கூட்டத்துக்கும் இடையே கேலி முறை உண்டு. எங்கே சந்தித்தாலும், நீ என் அடிமை, நீ சோற்றுக்குப் பிறந்தவன், நீ மாட்டுத் திருடன் என்று ஒருவரையொருவர் வாரலாம். யாரும் கோபிக்கக் கூடாது. சாவு வீட்டில்கூடக் கேலி செய்யலாம். ஒன்றைத்தான் செய்யக் கூடாது. ஒருவன் இன்னொருவனுடைய இரத்தத்தை வரவழைக்கக் கூடாது. ஊசியை உருவியதும் செமுவின் தோலில் கடுகளவு இரத்தம் துளிர்க்கும். யோரோ முகத்தைத் திருப்பிக்கொண்டு பஞ்சால் துடைத்துவிடுவான். "கண்ண மூடிக்கிட்டா கணக்குல வராதாடா?" என்று செமு ஒவ்வொரு வாரமும் கேட்பான்.

முந்தின டிசம்பரில் ஊசி கேட்டு வந்தவன் செமுதான். போன வருடம் பக்கத்துப் பேட்டையான எம்பெலைச் சேர்ந்த மல்யுத்தக்காரன் லத்திர் அவனைச் சோள மூட்டைபோல இடுப்புக்கு மேல் தூக்கி நாற்பது விநாடியில் மணலில் கிடத்தினான். மறுபடி மோத ஜூலையில் நாள் குறித்திருந்தார்கள். குழுவை நடத்தும் மதார் அண்ணனுக்கு ஊசி என்றாலே ஆகாது. "என் குழுவுல மருந்து போடுறவன் என் மூஞ்சில முழிக்கக் கூடாது" என்பார். தாயத்து மந்திரிக்கும் பெரியவர் செரிஞ் மோர் ஓதி அனுப்பும் புட்டித் தண்ணீரில் குளித்தால் போதும் என்பது அவர் கட்சி. செமுவின் அம்மா யாய் சீராவோ, மகன் பெருப்பதெல்லாம் தன் பயற்றுக் குழம்பால் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆக விஷயம் இருவருக்குள்ளேயே இருந்தது.

மருந்து வேலை செய்தது. கையில் கட்டியிருந்த தாயத்துத் தோல்வார்களை மாதம் ஒருமுறை அவிழ்த்து நீளமாக்க வேண்டியிருந்தது. குரல் அடித்தொண்டைக்கு இறங்கியது. தொடை இரண்டும் உரசி நடை மாறியது. யோரோவுக்கு அதைப் பார்க்கப் பெருமைதான். ஆனால் அவனுக்குப் பார்த்ததை விளக்காமல் இருக்க முடியாது. தனக்குத்தானே விளக்கிக்கொண்டபோதுதான் பயம் வந்தது.

அவன் எத்தனையோ செத்த குதிரைகளை அறுத்துப் பார்த்திருக்கிறான். சதை சிவப்பு. சதையையும் எலும்பையும் இணைக்கும் தசைநாண் வெள்ளை. ஏன் வெள்ளை? அதற்குள் இரத்தம் அவ்வளவாக ஓடுவதில்லை. இரத்தம் ஓடும் வீட்டில் மருந்து தினமும் போய்க் கதவைத் தட்டுகிறது. சதை வாரக்கணக்கில் பெருக்கிறது. வெள்ளை வீட்டுக்குச் செய்தி எப்போதாவதுதான் போகிறது. அது கனக்க ஒரு வருடமாவது ஆகும். ஆகவே புதுச் சதை பழைய கயிற்றைப் பிடித்து இழுக்கிறது. அதைவிட மோசம், இந்த மருந்து அந்தக் கயிற்றை விறைப்பாக்குகிறது. சுமை ஏறும்போது நல்ல கயிறு கொஞ்சம் நீண்டு கொடுக்கும். விறைத்த கயிறு கொடுக்காது. கடைசி வரை ஒழுங்காக நிற்கும், பிறகு ஒரே நொடியில் போய்விடும். தியெஸ் பந்தயத் திடலில் ஒரு சாம்பல் குதிரை அப்படித்தான் வளைவில் விழுந்தது. பள்ளத்தில் கால் வைத்துவிட்டது என்று சொல்லித் திடல் முழுதும் தேடினார்கள். பள்ளம் எதுவும் இல்லை. அன்று மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நின்றவன் யோரோ.

மே மாத இறுதியில் ஒரு காலை. மணலில் ஓடி முடித்து எல்லோரும் கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் நடுவில் சத்தம் அடங்கியபோது அது கேட்டது.

கரக். கரக்.

புதுச் செருப்பு போட்டுக்கொண்டு யாரோ சிமெண்டுத் தரையில் நடப்பதுபோல. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கடற்கரையில் யாருமில்லை. அவர்கள் காலில் செருப்பும் இல்லை. செமு மட்டும் வலது பாதத்தை மெதுவாகச் சுழற்றிக்கொண்டிருந்தான். அவன் நிறுத்தினால் சத்தம் நின்றது.

மதார் மண்டியிட்டு அவன் குதிகாலுக்கு மேலே உள்ளங்கையை வைத்தார். முகம் வெளுத்தது. பிறகு சிரிப்பு பரவியது. "உள்ள யாரோ நடக்குறாங்கடா" என்றார் மெல்லிய குரலில்.

ஒவ்வொருவராக வந்து தொட்டுப் பார்த்தார்கள். பள்ளிவாசலில் நிற்பதுபோல வரிசையில் நின்றார்கள். யோரோவின் முறை வந்தது. தோலுக்கு அடியில், கட்டைவிரல் தடிமனுள்ள நாணைச் சுற்றி, ஈரத்தோலை முறுக்குவதுபோல ஏதோ நெறுநெறுத்தது. நாணைப் போர்த்தியிருக்கும் உறை வீங்கி வறண்டால் குதிரைக்கு இப்படித்தான் இருக்கும். அவனுக்கு உடனே புரிந்தது. வாயைத் திறந்தான். மதார் எதிரில் இருந்தார். மூடிக்கொண்டான்.

அன்று மாலையே செரிஞ் மோரிடமிருந்து பதில் வந்துவிட்டது. ஓதி அழைத்த சக்தி வந்துவிட்டது, மண்ணிலிருந்து குதிகால் வழியாக ஏறியிருக்கிறது, வெளியாள் காதில் அந்தச் சத்தம் விழக் கூடாது, போட்டி வரை அது இறங்கிப் போகாதபடி கணுக்காலுக்கு மேல் தோல்வாரால் மூன்று சுற்று இறுக்கிக் கட்டுங்கள். மதார் தன் கையாலேயே கட்டினார். சரியாக வீங்கிய இடத்தின் மேல்.

மறுநாள் கொட்டகைக் கதவைச் சாத்திவிட்டு யோரோ சொன்னான், "அந்த வாரை அவுத்துரு. ஓட்டத்த நிறுத்து. போட்டிய மூணு மாசம் தள்ளிப் போடச் சொல்லு."

"நல்லாருக்குடா! ஃபுலாக்காரன் பேச்சக் கேட்டு செரேர்காரன் பாய விரிச்சுப் படுத்துட்டான்னு ஊரே சிரிக்கும்."

"வெளையாடலடா நான். உன் சதைக்கு ஏத்த கயிறு இல்ல உனக்கு. அது கத்துது. அதான் அந்த சத்தம்."

"மாட்டுத் திருடனுக்கு கயிறு ஞாபகமாவே இருக்கும்" என்று செமு தொடையைத் தட்டிச் சிரித்தான்.

யோரோ சதையையும் நாணையும் பற்றி ஆரம்பத்திலிருந்து விளக்கினான். சாம்பல் குதிரையைச் சொன்னான். செமு எல்லா இடத்திலும் சரியாகச் சிரித்தான். பத்து வருடமாக எதைச் சொன்னாலும் கேலியாகவே எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற முறையில் பழகிய இருவர். அந்த வேலியைத் தாண்டி ஒரு நிஜ வார்த்தையை வெளியே எடுத்து வைக்க யோரோவுக்கு வழி தெரியவில்லை. வெளியே போய் மதாரிடம் சொன்னால் முடிந்தது. அப்படிச் சொன்னால் ஊசியைச் சொல்ல வேண்டும். செமுவின் ஆறு வருட உழைப்பு போகும். யோரோ இந்த மைதானத்தில் நிற்க முடியாது.

செமு எழும்போது சட்டென்று சிரிப்பை நிறுத்தினான். "ஒண்ணு கேக்குறேன் மச்சான். கால ஆட்டுனா சத்தம் வருதுன்ற. சரி. ஆட்டாம வச்சிருக்கறப்பயும் ஏன் வருது?"

"அப்பிடி வராது. வர முடியாது."

"பிடிச்சுப் பாரு."

யோரோ அவன் பாதத்தைத் தன் மடியில் வைத்து, இரண்டு கையாலும் அசையாமல் பிடித்துக்கொண்டான். வாருக்குக் கீழே பெருவிரலை அழுத்தினான். வெளியே ஒரு குதிரை கனைத்து ஓய்ந்தது. செமு மூச்சைக்கூட அடக்கிக்கொண்டான். வெகு நேரம் ஒன்றுமில்லை. பிறகு விரலுக்கு அடியில், மெதுவாக, ஒரு அடி. இன்னொரு அடி. யோரோ கையை எடுத்துவிட்டான். அவன் வாழ்க்கையில் முதல்முறையாக ஒன்றை விளக்க முயலவில்லை.

அடுத்த வாரங்களில் ஊசியில் வெறும் சத்து மருந்தை நிரப்பினான். அதனால் பயனில்லை என்று அவனுக்கே தெரியும். விறைத்த கயிறு ஐந்து வாரத்தில் தளர்ந்துவிடாது. ஆனாலும் சொல்வதைவிட அது சுலபமாக இருந்தது.

போட்டி நாள். வெயில் சாய்ந்து திடல் முழுதும் செம்மண் நிறமாகியிருந்தது. மேளக்காரர்கள் விரல் வீங்க வாசித்தார்கள். களத்தைச் சுற்றி அடுக்கிய மணல் மூட்டைகளுக்கு வெளியே, செமுவுக்கு நேர் பின்னால், எட்டடி தூரத்தில் யோரோ நின்றான். செமுவுக்கு அம்மா தந்த பாலை முகத்தில் தெளித்துவிட்டு எல்லோரும் ஒதுங்கினார்கள். லத்திரின் குழுவிலிருந்து தண்ணீர் வாளி தூக்கும் ஜோகு என்ற கிழவர் மூட்டைகளை ஒட்டிக் குனிந்து நடந்து போனார். நடுவர் விசில் ஊதினார். மேளம் நின்றது.

இருவரும் கைகளால் காற்றைத் துழாவிக்கொண்டு சுற்றினார்கள். செமு வலது காலைப் பின்னால் ஊன்றிப் பாய்வதற்கு அழுத்தினான்.

காய்ந்த பனைமட்டையை முழங்காலில் வைத்து முறித்ததுபோல ஒரு சத்தம். மேல் வரிசையில் இருந்தவர்களுக்கும் கேட்டதாகப் பிறகு சொன்னார்கள்.

செமு விழவில்லை. அதுதான் யாரும் மறக்க முடியாதது. எதிராளியை விட்டுவிட்டு, முதுகைக் காட்டி, முழுதாகத் திரும்பினான். முகத்தில் வலி இல்லை; கோபம் இருந்தது. பின்னாலிருந்து யாரோ காலால் உதைத்துவிட்டார்கள், அது யார் என்று பார்க்கிற கோபம். அங்கே வெறும் மணல். அதற்கப்பால் யோரோ. இருவர் கண்ணும் சந்தித்தன. லத்திர் என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு கணம் நின்றான். பிறகு வந்து, தூங்குகிறவனை எழுப்புவதுபோல, செமுவின் தோளில் ஒரு கையை வைத்தான். செமு சரிந்தான்.

மருத்துவமனையில் கட்டுப் போட்டு, திங்கட்கிழமை அறுவை சிகிச்சை என்று சொல்லி அனுப்பினார்கள். ஞாயிறு காலை செமு வீட்டு முற்றத்தில் பாயில் கிடந்தான். குழு முழுதும் சுவரோரம் உட்கார்ந்திருந்தது. தேநீர்க் கெட்டில் கரியடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது, யாரும் ஊற்றவில்லை. செல்போன் கை மாறிக்கொண்டிருந்தது. போட்டியில் எடுத்த வீடியோவில் அந்த நொடியை எல்லோரும் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தார்கள். செமுவின் குதிகாலுக்குப் பின்னால் ஒரு பிடி மணல் தானாக மேலே எழும்புகிறது.

"பாருங்க, இங்க! கால் தெரியல, மண்ணு மட்டும் எழும்புது" என்றான் ஒருவன்.

"மிதி பட்டுச்சுண்ணே. வெறுங்கால். அஞ்சு வெரலும் எனக்குத் தனித்தனியாத் தெரிஞ்சுது" என்றான் செமு, வானத்தைப் பார்த்தபடி.

மதார் எழுந்தார். "ஜோகு. அந்தக் கெழவன்தான் பின்னால போனான். அவன் ஒரு தெம், சூனியக்காரன்னு எம்பெல்ல சின்னப்புள்ளைக்கும் தெரியும். வெளிய தொடமாட்டான், உள்ள இருந்தே ஆளத் திம்பான். பசங்க ரெண்டு வண்டில கெளம்பியாச்சு. அவன் வீட்ல இருந்தா இழுத்துட்டு வரட்டும். வரலேன்னா வீட்டோட..."

யாய் சீரா தோள்துணியால் வாயைப் பொத்திக்கொண்டாள். வேண்டாம் என்று அவளும் சொல்லவில்லை.

யோரோ ஜோகுவை நினைத்தான். வாளியின் எடைக்கு ஒரு பக்கம் சாய்ந்த தோள். வேறு எதுவும் அவரைப் பற்றித் தெரியாது.

"அவர் இல்ல, நான்" என்றான்.

செமு அனிச்சையாகச் சிரித்தான். "உன் காலுக்கு அவ்வளவு வலு ஏதுடா."

"போன் பண்ணி பசங்களத் திரும்பச் சொல்லுங்க மதார் அண்ணே. நான்தான் செஞ்சேன். முழுசாச் சொல்றேன்."

சொன்னான். இந்த முறை யாரும் குறுக்கே பேசவில்லை. ஏழு மாதம், வெள்ளிக்கிழமை தோறும், கதவைச் சாத்திக்கொண்டு. குதிரைக்கான மருந்து. அது இரத்தத்தில் கலந்து சதையை ஊத வைத்தது. சதை பெருக்கப் பெருக்க உள்ளே இருந்த கயிறு விறைத்துச் செத்தது. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. அறும்போது, வலி போக வேண்டிய இடத்துக்கு உதை விழுந்த செய்திதான் போகும். இப்படி அறுந்த எல்லோருமே திரும்பிப் பார்ப்பார்கள். பின்னால் யாரும் இருக்க மாட்டார்கள். "எனக்கு முன்னாடியே தெரியும். அன்னிக்கி கால்ல கை வச்சப்பவே தெரியும். சொல்லாம இருந்துட்டேன்."

இவ்வளவு தெளிவாக அவன் எதையும் விளக்கியதில்லை. முடித்துவிட்டு முகங்களைப் பார்த்தான். புரிந்திருந்தது. எல்லோருக்கும் புரிந்திருந்தது. சுவரோரம் இருந்தவர்கள் ஒவ்வொருவராகத் தள்ளி உட்கார்ந்தார்கள்.

யாய் சீரா மிக மரியாதையாகக் கேட்டாள். "அப்பா யோரோ, ஒவ்வொரு வாரமும் அவன் இரத்தத்தப் பாத்தியா?"

"பாத்தேன்மா."

"உள்ள இருந்துதான் போச்சா? கொஞ்சம் கொஞ்சமா?"

"ஆமா."

"விழறப்ப பின்னால நின்னது நீதான?"

"நான்தான்."

அவள் தலையசைத்தாள். தான் சொன்ன ஒவ்வொரு வாக்கியத்தையும் யோரோ மனதுக்குள் திரும்ப ஓட்டிப் பார்த்தான், எந்த இடத்தில் தவறு நுழைந்தது என்று. நுழையவில்லை. எல்லாமே உண்மை. தெம் என்று ஊர் எதைச் சொல்கிறதோ, அதை வரி வரியாக அவனே ஒப்புக்கொண்டிருந்தான்.

மதார் போனை எடுத்து, முற்றத்தின் மறுகோடிக்குப் போய், பையன்களைத் திரும்பி வரச் சொன்னார். "கெழவன விட்டுருங்க. ஆள் கெடச்சாச்சு." பிறகு வந்து, கொஞ்சம் தள்ளியே நின்று, யோரோவின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "நாங்க உங்கள ஒண்ணும் செய்ய மாட்டோம், டாக்டர். அவன ஒரு தடவ தாண்டிருங்க. புடிச்ச ஆளே தாண்டுனாத்தான் விடும். எடுத்தத விட்டுட்டுப் போங்க."

பத்து வருடத்தில் அவர் அவனை நீங்கள் என்று சொன்னதில்லை.

யோரோ செமுவைப் பார்த்தான். ஒரு கேலி வரும் என்று காத்திருந்தான். எதுவானாலும் சரி, மாட்டுத் திருடன் என்றாவது. செமு தன் கட்டுப்போட்ட காலை இரண்டு கையாலும் பிடித்து, அவன் தாண்டுவதற்கு வசதியாகப் பாயின் நடுவில் நகர்த்திக்கொண்டிருந்தான்.

மறுக்கலாம். மறுத்தால் வண்டிகள் மறுபடி எம்பெலுக்குத் திரும்பும். யோரோ செருப்பைக் கழற்றினான். பாயின் விளிம்பில் நின்று, வலது காலைத் தூக்கி, செமுவின் முழங்கால்களைத் தாண்டி அந்தப் பக்கம் வைத்தான். பிறகு இடது காலையும் எடுத்தான். செமு நீளமாக மூச்சு விட்டான். "லேசாயிருச்சு" என்றான், அம்மாவிடம். யாய் சீரா அழ ஆரம்பித்தாள்.

யோரோ நின்ற இடத்திலேயே நின்றான். "நாளைக்கு ஆபரேஷனுக்கு அப்புறம் அந்தக் கால்ல எடை போடவே கூடாது. டாக்டர் போடச் சொல்ற வரைக்கும்."

"போட மாட்டான்" என்றார் மதார் உடனே.

"ஒரு வருஷம் மல்யுத்தம் கெடையாது. இன்னொரு கால்லயும் நாண் அதே நெலமைலதான் இருக்கும், அதையும் காட்டணும். யார் குடுத்தாலும் எந்த ஊசியும் கூடாது. என்ன மருந்து போட்டிருந்தோம்னு ஆஸ்பத்திரில மறைக்காமச் சொல்லணும்."

"ஒரு வருஷம். இன்னொரு கால். ஊசி கூடாது. மறைக்கக் கூடாது." சுவரோரம் இருந்தவர்கள் ஒரே குரலில் திருப்பிச் சொன்னார்கள். ஒருவன் போனில் எழுதிக்கொண்டான். யாய் சீரா விரல்விட்டு எண்ணி மனப்பாடம் செய்தாள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. ஏன் என்று சொல்ல யோரோவுக்கு நாக்கு வரை வந்தது. அவர்கள் அதற்காகக் காத்திருக்கவில்லை. அவன் வாசலை நோக்கித் திரும்பினான். நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த முற்றத்தில் இரண்டு ஆள் அகலத்துக்கு வழி திறந்துகொண்டது.